பனி கொட்டும் மைதானம்

அலறல் கேட்டு நகரமைப்பு அலுவலகமே எழுந்து ஓடியது.

படிக்கட்டின் அடியில் சர்வேயர்... கழுத்து திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது!

அலறியவள் அவருடைய தங்கை. அதே அலுவலகத்தில் வரைபடம் போடுபவள்.

போலீஸ் வருவதற்குள் இயக்குநர் அவளைத் தன் அறைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"கால் தடுக்கி விழுந்துட்டான். புரியுதா? இந்தப் பிளான்ல அவனுக்குப் பதிலா நீ கையெழுத்துப் போடு. மூணு மணிக்கு அமைச்சர் வர்றார்."

"மாட்டேன்."

"வெளிநாட்டுல பரிசு வாங்கின பிளான்மா இது."

"அவங்க ஊருக்குப் போட்ட பிளான், சார். நீங்க ஊர் பேரை மட்டும் மாத்தினீங்க."

அவள் விரல் வரைபடத்தில் ஓரிடத்தைக் குத்தியது. தொள்ளாயிரம் வீடுகள் இருக்க வேண்டிய இடம்.

"இது எங்க தெரு. இடிச்சுட்டு என்ன வருது பாருங்க... ரோட்டுல வாரின பனியைக் கொட்ட மைதானம். நம்ம ஊர்ல என்னைக்கு சார் பனிக்கட்டி பெஞ்சுது?"

ஏ.சி. ஓடியும் இயக்குநருக்கு வியர்த்தது.

"இதைத்தான் உங்க அண்ணனும் படிக்கட்டுல நின்னு கேட்டான். என்ன ஆனான் பார்த்தியா?"

அவள் வரைபடத்தைச் சுருட்டி அவர் பக்கம் தள்ளினாள்.

"பார்த்தேன். அதனாலதான் போட மாட்டேன். என்னையும் தள்ளுங்க. அப்பவும் போட மாட்டேன்."

கதவு திறந்தது. பெண் இன்ஸ்பெக்டர்.

இயக்குநர் அவசரமாகச் சோகத்தை முகத்தில் அப்பிக்கொண்டார். "பாவம் மேடம், தடுக்கி விழுந்துட்டார். நான் அப்ப இந்த ரூம்லதான் இருந்தேன்."

"வாசல்ல மனு கொடுக்க வந்த அறுபது பேர் வேற மாதிரி சொல்றாங்களே..."

"வாசல்ல இருந்து படிக்கட்டே தெரியாது!"

"பார்க்கல சார். கேட்டாங்க. 'தள்ளாதீங்க சார்'னு அவர் கத்தினது ஸ்பீக்கர்ல வந்திருக்கு. இப்ப நீங்க பேசினதும்தான்."

இயக்குநர் அண்ணாந்து கூரை மூலையிலிருந்த சின்ன மைக்கைப் பார்த்தார்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பிளானோட அந்த வெளிநாட்டு ஆபீஸ் விதியையும் அப்படியே காப்பியடிச்சு சுற்றறிக்கை விட்டீங்களே, சார். பதினாலாவது விதி... திட்டத்தைப் பத்தி அதிகாரிங்க பேசறதெல்லாம் ஜனங்க காதுல விழணும். நேத்து எல்லா இடத்துலயும் மைக்கும், வாசல்ல ஸ்பீக்கரும் அண்ணன்தான் மாட்டினான். உங்க உத்தரவுப்படி."

"நான்... அதைப் படிக்கவே இல்லையே..."

இன்ஸ்பெக்டர் விலங்கைப் பூட்டினார்.

"பரவாயில்ல, இனி நிறைய நேரம் இருக்கும். வாங்க, எங்க லாக்கப் எந்த நாட்டைப் பார்த்தும் காப்பியடிச்சதில்ல. கொசு முதற்கொண்டு உள்ளூர்தான்!"