ராய்ஸின் இம்பாலா

பழைய கார் வாங்க வருகிறவன், விற்கிறவளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பானெட்டில் கை வைத்துப் பார்ப்பான். ஆள் வருமுன்பே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று கண்டுபிடிக்கும் வழி அது. சூடான எஞ்சின் தன் நோவுகளையெல்லாம் மறைத்துக்கொண்டு சமர்த்தாகக் கிளம்பிவிடும். அயோவாவிலிருந்து ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் வந்திருந்த டுவேன் பிரூயிட்டும் ஷெட்டுக்குள் நுழைந்ததும் கையுறையைக் கழற்றி அதைத்தான் செய்தான். வைத்த கையை அவன் உடனே எடுக்கவில்லை.

"என்ன மேடம், வண்டிய ஓடவிட்டுப் பாத்தீங்களா? சுடுதே."

"அது ஓடி ஒன்பது வருஷம் ஆச்சு," என்றாள் ஆர்டிஸ்.

"இந்தத் தில்லுமுல்லெல்லாம் நானும் பண்ணவன்தான் மேடம். எங்கிட்டயேவா?" என்று சிரித்தான்.

அவள் பானெட்டைத் தூக்கிக் காட்டினாள். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் எலி ஒன்று சீட்டுப் பஞ்சைப் பிய்த்துக் கூடு கட்டியிருந்தது. கார்புரேட்டர் துண்டு துண்டாகக் கழன்று, அலமாரியில் ஒரு காபி டப்பாவுக்குள் கிடந்தது. டுவேன் சிரிப்பதை நிறுத்தினான். அணைந்து கிடந்த ஹீட்டரைப் பார்த்தான். வாசலில் கொட்டிக் கிடந்த பனியைப் பார்த்தான்.

"வெயில் பட்டிருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மினசோட்டாவின் அந்த மூலையில் சூரியனைப் பார்த்து நான்கு நாள் ஆகியிருந்தது.

அவன் டார்ச்சும் சுத்தியலுமாகக் காருக்கு அடியில் நுழைந்ததும், ஆர்டிஸ் தன் கையுறையை மெல்லக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி சுடுவதுபோல அது சுட்டது. கையைச் சட்டென்று கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

அறுபத்து நான்காம் வருஷத்து இம்பாலா. யாரோ ஒருவரின் சோளக்காட்டில் புல் முளைத்துக் கிடந்ததை அவள் மகன் ராய்ஸ் இருபத்திரண்டு வயதில் வாங்கிவந்தான். அதற்குப் பிறகு அவனுக்கு வேறு உலகம் இல்லாமல் போயிற்று. ஒரு கதவுக்கு மட்டும் டிங்கரிங் முடித்து சாம்பல் நிற பிரைமர் அடித்திருந்தான், மற்றது எல்லாம் துரு. துருவும் பழைய ஆயிலும் எலி மூத்திரமும் நனைந்த பஞ்சும் கலந்த வாசனைதான் இத்தனை வருஷமும் அந்த ஷெட்டின் வாசனை, அது அவளுக்குப் பழகிய வாசனை. ஆனால் இன்றைக்கு அதற்கு அடியில் இன்னொன்று மெலிதாக, இனிப்பாக, தொண்டையின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. உள்பக்கமாக.

"பையனோட வண்டின்னு போன்ல சொன்னீங்களே. அவருக்கு வேண்டாமாமா?" காருக்கு அடியிலிருந்து டுவேனின் குரல் வந்தது.

"பையன் இப்ப உயிரோட இல்ல. இந்த ஷெட்லதான் போயிட்டான். எஞ்சின் முதல் தடவை ஓடின அன்னிக்கு. புகை. மறுபடி ஓடக் கூடாதுன்னு நான்தான் ஆள் வச்சு எல்லாத்தையும் கழட்டிப் போட்டேன்."

தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் நின்றது. டுவேன் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்து தொப்பியைக் கழற்றினான்.

"ஷெட் கதவு மூடியிருந்துச்சா?"

"ஒரு அடி மேல தூக்கி, அடியில கட்டை வச்சிருந்தான். கட்டை நழுவிடுச்சு."

ஒன்பது வருஷமாகச் சொல்லிவரும் பொய். சொந்த டெலிபோன் நம்பரைப் போல யோசிக்காமலே வாயில் வந்தது.

"அந்தக் கட்டைய நம்பித்தான் மேடம் நாங்க எல்லாரும் உசுரோட இருக்கோம். இந்தக் குளிர்ல ஒரு அடிக்கு மேல எங்க தூக்கறது? நல்லவேளை, எம் பொண்டாட்டி கதவ இழுக்கறதுக்கு முன்னாடி உள்ள தலைய விட்டு, 'யோவ், இருக்கியா, போய்ச் சேந்துட்டியா'ன்னு ஒரு சத்தம் போடுவா." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சுடுங்க. என் வாய் இருக்கே."

"பரவாயில்ல," என்றாள்.

ஒரு சத்தம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அன்றைக்கு அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து வந்தபோது ராய்ஸின் பிக்கப் வண்டி வாசலில் இல்லை. அதை அவன் சிநேகிதனுக்குக் கொடுத்திருந்தது அவளுக்குத் தெரியாது. வழக்கம்போல ஹீட்டரையும் எரியவிட்டு, ஷெட் கதவையும் திறந்துபோட்டுவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டான் என்று நினைத்தாள். அதற்காக எத்தனை தடவை திட்டியிருப்பாள்! காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது, கோட்டின் குல்லா காதை மூடியிருந்தது, உறுமல் ஒன்று கேட்டது. சாலையில் பனி வாரும் லாரி வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். பூட்ஸ் நுனியால் கட்டையை ஒரு உதை உதைத்துவிட்டுக் கதவை இழுத்து மூடினாள். வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு வேகவைத்தாள். அவனுக்கும் சேர்த்து.

பெற்ற தாய் செய்த காரியம். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவன் சீட்டில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான், எதுவும் தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கதவை மூடியது யார் என்று அவனுக்குத் தெரியாது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் ஒன்பது வருஷம் சாப்பிட்டாள், தூங்கினாள். வீடு கைமாறிவிட்டது. மாதக் கடைசியில் டுலூத்தில் ஒரு சின்ன ஃப்ளாட்டுக்குப் போகிறாள். அவனுக்குத் தெரியாமலே போய்விட்டால் போதும்.

டுவேன் பேரமே பேசவில்லை. வண்டியின் பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போட்டதும், கதவை முழுக்க உயர்த்திவிட்டு, ட்ரெய்லரிலிருந்த இழுவை மோட்டாரின் கம்பியைக் காரின் முன்பக்கத்தில் மாட்டினான். பிரேக் இறுகிப்போயிருந்தது. மோட்டார் முனகியது, கம்பி விறைத்து நடுங்கியது, கார் அசையவில்லை.

அந்த இனிப்பு வாசனை, வண்டிப் புகை வாசனை, இப்போது நன்றாகவே வந்தது.

"உங்க பிக்கப் ஓடிக்கிட்டிருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லியே மேடம். சாவி பையில இருக்கு."

மறுபடியும் மோட்டாரைப் போட்டான். கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, எண்ணெய் விட்டதுபோல வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"அட! யாரோ பின்னாடி நின்னு தள்ற மாதிரில்ல வருது!"

அவன் வெளியே நின்றான். ஆர்டிஸ் உள்ளே, சுவரோரம் நின்றாள். அதனால் அவள் மட்டும்தான் தரையைப் பார்த்தாள். சிமெண்டில் ஒன்பது வருஷத் தூசி. காரின் பின்பக்கம், அது நகர நகர, தூசியில் தடங்கள் விழுந்துகொண்டே வந்தன. முழுப் பாதம் இல்லை. முன்பாதம் மட்டும். பாரம் தள்ளுகிறவன் ஊன்றுவதுபோல அழுந்த ஊன்றி. இடது. வலது. இடது.

வாசல் விளிம்பில் தடங்கள் நின்றன. அப்பால் பனியில் சக்கரத்தின் கோடு மட்டுமே இருந்தது.

அவளுக்குக் கத்தத் தோன்றவில்லை. அம்மா விற்கிறாளே என்று பிள்ளையும் கூடச் சேர்ந்து தள்ளிக்கொடுக்கிறான். சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"அடுத்த கோடைக்கு ஓடிடும் மேடம். படம் அனுப்பறேன்," என்றான் டுவேன், கையை நீட்டியபடி. ஒவ்வொரு பனிக்காலத்திலும் ராய்ஸ் இதையேதான் சொல்வான். அவள் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்களேன்." அவன் போய்விடக் கூடாது என்று திடீரென்று இருந்தது.

"இருட்டறதுக்குள்ள நெடுஞ்சாலையப் பிடிக்கணும் மேடம்."

ட்ரெய்லரின் சிவப்பு விளக்குகள் சாலைத் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். மணி நாலரைதான், வெளிச்சம் போய்விட்டது. காற்று எழுந்து, திறந்து கிடந்த ஷெட்டுக்குள் பனித்தூளை வாரிக் கொட்டியது. மூடாமல் போக முடியாது. உள்ளே பார்க்காமல் கைப்பிடியைப் பிடித்துக் கதவைக் கீழே இழுத்தாள்.

கதவு கடகடவென்று இறங்கிவந்தது. தரைக்கு ஒரு அடி இருக்கும்போது நின்றது.

அங்கே கட்டை எதுவும் இல்லை. அதை அவள் அந்த வருஷமே அடுப்பில் போட்டு எரித்துவிட்டாள்.

அழுத்தினாள். கொஞ்சம் இறங்கியது. இறங்கிய அளவு மறுபடியும் மேலே வந்தது. மாட்டிக்கொண்ட கதவு அப்படிச் செய்யாது.

குனிந்தாள்.

விளிம்புக்கு அடியில், உள்பக்கமிருந்து, நான்கு விரல்கள். நகக்கண்ணில் கறுப்புக் கிரீஸ். பக்கத்தில் இன்னும் நான்கு. பலமாகப் பிடிக்கவில்லை. விழுந்துவிடாமல் தாங்கிக்கொண்டிருந்தன.

"அம்மா?"

கோபம் இல்லை. தூக்கத்திலிருந்து பாதி எழுந்த குரல்.

"அம்மா... நீயா மூடுற?"

கைப்பிடியை அழுத்த முடியவில்லை. விடவும் முடியவில்லை.

உள்ளே ஏதோ தரையோடு தரையாக நகர்ந்தது. இடைவெளியில் ஒரு கன்னம் வந்து சிமெண்டில் படிந்தது. அன்றைக்குச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்தபோது இருந்த அதே, புகை ஏற்றிவிட்ட இளஞ்சிவப்பு, உயிருள்ளவர்களுக்குக்கூட இல்லாத சிவப்பு. ஒரு கண் திறந்திருந்தது. அது அவளுடைய பூட்ஸைப் பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. பிறகு மெல்ல, கோட்டின் ஓரமாக, அவள் முகத்தைத் தேடி மேலே ஏறத் தொடங்கியது.