தட்டில் ஒட்டாத சாக்லேட்

செல்லம் பிணமாகத்தான் திரும்பி வந்தாள். பிறந்தநாளன்று பிற்பகல் சாக்லேட் தின்ற ஏழு வயதுப் பிள்ளை, நாக்கு வீங்கி, மூச்சு முட்டி, சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தோட்டத்து லோரியிலேயே அடங்கிப்போனாள். 1984. ரெம்பாவ் பக்கத்துத் தோட்டம். பிணத்தை இறக்குவதற்குள் தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது: சின்னம்மாக்காரி பஞ்சாலைதான் விஷம் வைத்துவிட்டாள். லயத்து வீடுகளின் சனங்களுக்குச் சாட்சியெல்லாம் எதற்கு? இரண்டாம் தாரம் என்ற ஒன்று போதாதா?

மறுநாள் காலை எட்டு மணி. போலீஸ் சார்ஜன் வீரமுத்து ஆஸ்பத்திரி டாக்டரைப் பார்த்துவிட்டு நேராக வந்தார். அப்போது பெரியம்மா மயிலம்மாள் பஞ்சாலையின் தலைமுடியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். செத்துப்போன தங்கையின் ஒரே பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தவள். பிறந்தநாளுக்காக சிரம்பான் பக்கத்து அம்பாங்கானிலிருந்து வந்தவள்.

"இழுத்துட்டுப் போங்க சார் இவள. பாலு பட்டாலே பிள்ளைக்கு ஆகாதுன்னு டாக்டர் போன வருஷமே சொன்னாரு. தெரிஞ்சே டின் பாலை ஊத்திட்டா."

அலமாரியில் பாதி காலியான டின் பால் இருந்தது.

"அது இவருக்குத் தேத்தண்ணி கலக்க சார்," என்றாள் பஞ்சாலை. கணவன் மாயாண்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சாக்லேட்டுல என்னென்ன போட்டே?"

"தோட்டத்துக் கொக்கோவ வறுத்து இடிச்ச பொடி, தேங்காப்பாலு. இனிப்புக்கு டின் பாலு ஆகாதுன்னு குலா மலாக்கா கருப்பட்டி. கடை சாக்லேட்டுல எல்லாம் பாலு இருக்குலா சார். கேட்டுக் கேட்டு அழும். அதான் நானே செஞ்சேன்."

"கிண்டுறப்ப செல்லம் எங்க?"

"பக்கத்துலதான். அகப்பைய ஆறவெச்சு நக்கிச்சு. அப்புறம் வெளிய போயி கோழிய வெரட்டிக்கிட்டிருந்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

"இறுகுற வரைக்கும். ரெண்டு மணி நேரம் இருக்கும்."

வீரமுத்து மாயாண்டியிடம் திரும்பினார். "துண்டு போட்டது யாரு?"

"நான்தான். கத்தியால கோடு போட்டுத் தட்டைக் கவுத்தேன். பொலபொலன்னு விழுந்துச்சு. மொதத் துண்ட என் கையாலதான் சார் ஊட்டினேன்." அவன் அழத் தொடங்கினான்.

"நீங்கம்மா?"

"நான் அடுப்புப் பக்கமே போகல," என்றாள் மயிலம்மாள். "தட்டு மட்டும் எடுத்து வெச்சேன்."

மிஞ்சிய துண்டு ஒன்றை வீரமுத்து எடுத்துப் புரட்டினார். மேல்பக்கம் மங்கல். அடிப்பக்கம் மினுமினுப்பு. முகர்ந்து பார்த்தார். இது தனக்குத் தெரியாமலே போயிருக்கலாம் என்று பட்டது அவருக்கு.

"பஞ்சாலை விஷம் வைக்கல. சட்டியில டின் பாலு இருந்திருந்தா அகப்பைய நக்கினப்பவே பிள்ளைக்கு மூச்சு முட்டியிருக்கும். அது ரெண்டு மணி நேரம் ஓடியாடியிருக்கு. அப்ப கெடுதல் சட்டியில இல்ல, தட்டுல. கருப்பட்டி போட்டுக் கிண்டினது தட்டுல அப்பிக்கும், சுரண்டித்தான் எடுக்கணும். இது பொலபொலன்னு விழுந்திருக்கு. அத யாரும் யோசிக்கல. தட்டுல நெய் தடவினது நீங்கதானேம்மா?"

பஞ்சாலையின் தலைமுடியில் மயிலம்மாளின் பிடி தளர்ந்தது.

"ஆமா. எங்க மாட்டு நெய்யி, பிள்ளைக்குன்னு உருக்கிக் கொண்டாந்தேன். தட்டுல நெய் தடவாம பலகாரம் ஊத்துவாங்களா சார்? நெய்யில ஏது பாலு?"

"பாலிலிருந்துதானேம்மா நெய்யி. வீட்டுல உருக்கினதுல கசடு கொஞ்சம் நிக்கும். இந்தப் பிள்ளைக்கு ஒரு துளி போதும்னாரு டாக்டர். போன வருஷம் பாலு, தயிருன்னு சொன்னப்ப, நெய்ய யாரும் கேக்கல. அவரும் சொல்லல."

"தடவுறத நான் பாத்தேன் சார்," என்றாள் பஞ்சாலை மெதுவாக. "எனக்கும் தெரியல. அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க."

மயிலம்மாள் இரண்டு கைகளையும் சார்ஜனிடம் நீட்டினாள்.

"வெலங்கு போடுங்க சார்."

"தெரியாம செஞ்சதும்மா. சட்டத்துல இது குத்தமில்ல."

"குத்தமில்லேன்னா நான் எங்க சார் போவேன்?"