கரையில் கூப்பிட்ட பெயர்

ஓல்வா மகளோடு ஏரிக்காரி கோயிலுக்கு வந்தபோது மதியம்தான். ஆனாலும் பனிமூட்டத்தில் எதிர்க்கரை தெரியவில்லை. பின்னால் அப்பக் கூடையோடு நாத்தனார் ப்ரென்னா.

தண்ணீரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் ஏரிக்காரி. கரையில் ஒரு பிள்ளையின் பெயர் கேட்டால், பெயரோடு பிள்ளையையும் தனதாக்கிக்கொள்வாளாம். அதனால் அந்த ஊரில் ஏழு வயதுவரை எல்லோருக்கும் இரண்டு பெயர். ஓல்வாவின் மகள் வீட்டில் மிரேலி, கரையில் வெறும் கூழாங்கல். இன்று ஏழு முடிகிறது. அப்பம் படைத்து, அந்தப் பொய்ப் பெயரை ஏரிக்குக் கொடுத்துவிட்டால் மிரேலி தப்பித்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரந்தான் அண்ணி. வாயை மட்டும் கட்டிக்கிட்டு இருங்க."

"நீ முதல்ல உன் வாயைக் கட்டுடி. கூடையில மூணு அப்பத்தைக் காணோம்."

ப்ரென்னா சிரித்தாள். அந்த நேரம் பார்த்து, பாசிப் படியில் குழந்தையின் கால் வழுக்கியது.

"மிரேலி!"

ஏழு வருடம் பொத்திவைத்தது ஒரு நொடியில் போயிற்று. ஓல்வா பாய்ந்து மகளைத் தூக்கிவிட்டாள். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

ஆனால் அலைச் சத்தம் நின்றிருந்தது.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க அண்ணி..." ப்ரென்னா பனிமூட்டத்தைப் பார்த்தாள்.

"புள்ள விழறதைப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

அவசர அவசரமாக அப்பத்தைத் தண்ணீரில் விட்டார்கள். வழக்கமாக மீன்கள் மொய்க்கும். இன்று ஒன்றுகூட வரவில்லை.

பனிக்குள் யாரோ எழுத்துக் கூட்டினார்கள்.

மி... ரே... லி...

ஓல்வா மகளை வாரிக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே ஓடிவந்த ப்ரென்னாவும் வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைத் தாழிட்டாள். குழந்தையை அடுப்பருகே உட்காரவைத்து, கையையும் காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. பிள்ளை முழுசாக வந்துவிட்டது என்று அழுகையே வந்தது.

"மிரேலி," என்றாள் மெதுவாக.

குழந்தை திரும்பவில்லை.

"உன்னைத்தான். மிரேலி, அம்மாவைப் பாரு."

குழந்தை நிமிர்ந்து பார்த்தது. "அது யாரும்மா?"

வாசலில் தட்டும் சத்தம் கேட்டது. கதவின் கீழ்ப்பாதியில், சின்னக் கையால்.

"அம்மா, மிரேலி வந்திருக்கேன். குளிருதும்மா."

மகளின் குரலேதான். ப்ரென்னா தலையை ஆட்டி ஆட்டித் தடுத்தாள். ஓல்வாவின் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது.