ஏழாம் மாதத்தில் ஒரு காலி இருக்கை

பகல் இரண்டரை மணிக்கு பெய்ருங்கும் அவள் கணவன் ஷெங்யுவானும் ஷின்சூவில் இருக்கும் அந்தப் பழைய சர்வர் கட்டடத்துக்கு வந்தபோது, வாசலில் படையல் மேசைகள் போட்டாகியிருந்தன. சீனப் பஞ்சாங்கத்தில் ஏழாம் மாதம் அல்லவா, செத்தவர்கள் சாப்பாடு தேடி வரும் மாதம். பசியோடு அலைபவர்களை அங்கே யாரும் பேய் என்று சொல்வதில்லை, 'நல்ல சகோதரர்கள்' என்பார்கள். அவர்களுக்காகக் கோழியும் பீரும் நூடுல்ஸ் பெட்டிகளும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

மேலாளர் லூ கை நிறைய ஊதுபத்தியுடன் நின்றிருந்தார்.

"மூணு மணிக்குக் கும்பிடறோம். ரெண்டு பேரும் கீழ வந்துடணும்."

"ஒரே ஒரு மெஷின் அண்ணே. கஸ்டமர் உயிரை வாங்குறான்," என்றாள் பெய்ருங்.

"காலி இருக்கை வைக்காத."

"வருஷா வருஷம் சொல்றீங்க. எனக்கென்ன காது கேக்காதா?"

அவர் சொன்னது நாற்காலியை அல்ல. ஒரு சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை எழுப்புவது அவள் வேலை. ஒவ்வொன்றையும் ஒரு வரிக் கட்டளை எழுப்பும். அதில் -m என்பது நினைவகம், -smp என்பது செயலிகளின் எண்ணிக்கை. பிறகு கூடுதல் செயலி சேர்க்க வேண்டியிருந்தால் maxcpus என்று எழுதி இடம் விட்டு வைக்கலாம். மற்ற மாதங்களில் தாராளமாக விடுவார்கள். ஏழாம் மாதத்தில் மட்டும் எத்தனை செயலியோ அத்தனை இடம்தான்.

காரணம் ஜின்தே, அங்கே வேலை பார்த்தவன். நான்கு வருடத்துக்கு முன் நிலநடுக்கத்தில் எண்ணூறு கிலோ சர்வர் அலமாரி சாய்ந்து, மாடியில் சர்வர் கூடத்திலேயே நசுங்கிச் செத்தவன். அதற்கு இரண்டு வருடம் கழித்து, இதே மாதத்தில் யாரோ ஓர் இடத்தைக் காலியாக விட்டார்கள். அன்று ஒரு தொழில்நுட்ப ஆளின் மூன்று விரல்கள் அலமாரிக் கதவோடு போயின. காலி இடம் இருந்தால் ஜின்தே வந்து உட்கார்ந்துவிடுவான் என்றார்கள். அதன் பிறகு அந்த விதியைப் பற்றி யாரும் வாதாடவில்லை.

பெய்ருங்குக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் விதியை மீற அவள் நினைக்கவில்லை. மாடிக்குப் போய், கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தட்டினாள்.

-m 16G -smp 7,sockets=2,cores=4

ஏழு செயலி. maxcpus என்ற சொல்லையே எழுதவில்லை. எழுதாவிட்டால் காலி இடமே இருக்காது என்று நினைத்தாள். புதிதாய் வேலைக்கு வந்தவன் என்றால் கையேட்டைத் திறந்து பார்த்திருப்பான். பத்து வருட அனுபவம் அவளைப் பார்க்க விடவில்லை. எழுதாமல் விட்டால் இயந்திரம் தானே பெருக்கிக்கொள்ளும். இரண்டு சாக்கெட், ஒவ்வொன்றிலும் நான்கு கோர், ஆக எட்டு இடம். உட்கார்ந்திருப்பது ஏழு.

ஷெங்யுவான் கேபிள் மாற்றக் கூடத்துக்குள் போனான். இரும்புக் கதவு அவன் பின்னால் தானே பூட்டிக்கொண்டது.

"மகாராணி, எந்த வரிசை?" காதுக் கருவியில் அவன் குரல்.

"ஒன்பதாவது. சீக்கிரம் முடி, பசிக்குது."

"பசிச்சா கீழ போய் அவங்களோட பந்தியில உக்காரு."

அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் திரையில் ஓர் எண் மாறியது.

செயலிகள்: எட்டு.

நினைவகம் நிரம்பத் தொடங்கியது. மூன்று, ஒன்பது, பதினாறு. உள்ளே ஒரு மென்பொருள்கூட இன்னும் ஏற்றவில்லை.

"ஷெங், எதையாவது தொட்டியா?"

"இல்ல. ஏன் இங்க ஈர சிமென்ட் வாசம் அடிக்குது?"

மின்விசிறிகளின் இரைச்சல் சட்டென்று நின்றது. அந்தக் கூடத்தில் அப்படியோர் அமைதியை அவள் கேட்டதே இல்லை. அந்த அமைதிக்குள் யாரோ நெஞ்சு நசுங்கியவன் போல மூச்சு இழுத்தார்கள்.

"பெய்ருங்," ஷெங்யுவான் கிசுகிசுத்தான். "எனக்குப் பின்னால யாரு?"

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். யாரும் இல்லை.

ஒன்பதாம் வரிசையின் அலமாரிக் கதவுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் திறந்து அறைந்தன.

முதல் அறை அவன் முகத்தில் விழுந்தது. கண்ணாடியில் ரத்தம் தெறித்தது. ஓட நினைத்தவனின் காலுக்குக் கீழே தரைப்பலகை எகிறித் திறந்தது. முழங்கால் வரை உள்ளே போனான். பலகை திரும்ப வந்து எலும்பின் மேல் அடித்தது. ஒருமுறை, இன்னொருமுறை, இன்னொருமுறை. ஆணி அடிப்பவனின் நிதானத்தோடு.

அவள் கதவுக்கு ஓடி நுழைவு அட்டையைத் தேய்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். நாற்காலிதான் உடைந்தது.

தரையில் முடுக்கியிருந்த அலமாரியின் போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று உருண்டன.

மேசைக்குத் திரும்பி இயந்திரத்தை நிறுத்தினாள். ஒரு நொடியில் அதே கட்டளையோடு அது எழுந்தது. விழுந்தால் தானே எழும்படி அமைத்ததும் அவள்தான்.

கட்டளையின் முடிவில் maxcpus=7 என்று சேர்த்தாள். இயந்திரம் ஏற்கவில்லை. இரண்டு நான்கு எட்டு, நீ ஏழு என்கிறாய், கணக்கு உதைக்கிறது என்றது. புதிய கட்டளை செல்லாததால் பழையதே மறுபடி ஏறியது.

அலமாரி ஒரு சாண் நகர்ந்து அவன் இடது கையைச் சுவரோடு சேர்த்தது. அவன் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை.

"அவர விட்டுடு," அவள் திரையிடம் கெஞ்சினாள். "ஜின்தே, உன் கால்ல விழறேன்."

விலா எலும்பு ஒடிவது காதுக் கருவியில் தெளிவாகக் கேட்டது.

மொத்தக் கணக்கையும் மாற்றித் தட்டினாள்.

-m 16G -smp 7,sockets=1,cores=7,maxcpus=7

ஏழு இடம். ஏழு பேர்.

மின்விசிறிகள் ஓடத் தொடங்கின. கதவில் பச்சை விளக்கு எரிந்தது.

அவனைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தபோது வாசலில் ஊதுபத்திகள் பாதிதான் எரிந்திருந்தன. லூ திரைப் பதிவைப் பார்த்துவிட்டு வந்து முகம் வெளுத்து நின்றார்.

"கழுத்தப் பிடிச்சுத் தள்ளிட்டியேம்மா. பாதிச் சாப்பாட்டுல எழுப்பினா அவன் எங்க போவான்?"

"என் புருஷன் உயிரோட இருக்கார். எனக்கு அது போதும்," என்றாள். உண்மையில் அவளுக்கு அது போதுமாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஷெங்யுவானின் இடது கையை எடுத்துவிட்டார்கள். ஒன்பது நாள் அவன் கண் திறக்கவில்லை. ஒன்பது நாளும் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. திரும்பி வா, கை இல்லாவிட்டால் என்ன, நான் இருக்கிறேன் என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பத்தாம் நாள் ஜின்தேயின் மனைவி ஹுய்மின் பை நிறைய ஆப்பிளோடு பார்க்க வந்தாள். கம்பெனியில் கேள்விப்பட்டாளாம். ஷெங்யுவான் வேலைக்குச் சேர்ந்ததே ஜின்தே போன பிறகு. அவன் அவளைப் பார்த்ததுகூட இல்லை.

அவள் உள்ளே வந்த சத்தத்தில் அவன் கண் திறந்தான்.

பெய்ருங் அழுதுகொண்டே அவன் முகத்தின் மேல் குனிந்தாள். அவன் பார்வை அவளைத் தாண்டிப் போனது.

"மீனு," என்றான், வாசலில் நின்றவளைப் பார்த்து. "சமையக்கட்டுல தண்ணி ஒழுகிச்சே, சரி பண்ணிட்டியா?"

அந்தச் செல்லப் பெயர் ஜின்தே வைத்தது. ஆப்பிள்கள் தரையில் உருண்டன. ஹுய்மின் அவற்றைப் பொறுக்கவில்லை. பிறகு மெல்ல வந்து கட்டிலில் உட்கார்ந்து, மிச்சமிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பண்ணியாச்சு," என்றாள்.

அவன் பெய்ருங்கைத் திரும்பிப் பார்த்தான். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்க்கும் பார்வை.

"இந்தம்மா ஏன் அழறாங்க? வெளிய போகச் சொல்லு."

ஹுய்மின் எழுந்து போய் பெய்ருங்குக்காகக் கதவைத் திறந்து பிடித்தாள்.