மழை பிடிக்காத பொண்ணோட நோட்டு

"பதினோரு வயசுப் பொண்ண பொய் சொல்றேன்னு செவப்பு பேனால எழுதுவாங்களா சார்? இதுதான் பாடமா?"

"ஏம்பா, கொஞ்சம் மெதுவா பேசு. டீச்சர் வர்ற நேரம்."

"வரட்டும். அதுக்குத்தான் நிக்கறேன்."

ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட வந்த ரேணுகா, ஹெச்.எம். ரூம் கதவுகிட்டயே நின்னுட்டா. நம்மளப் பத்திதான் சண்டைன்னு புரிஞ்சதும் காது ரெண்டும் சூடாயிடுச்சு.

ரேணுகா மரக்காணம் பக்கத்துல இந்த ஸ்கூலுக்கு வந்து ரெண்டே மாசம்தான் ஆவுது. சொந்த ஊரு வானூர் பக்கம், நெலம் நீச்சுன்னு இருக்கற குடும்பம். வாரத்துல ரெண்டு நாளு ஆறாம் கிளாஸ் புள்ளைங்களுக்கு ஒரு கதை கொடுப்பா. படிச்சிட்டு, மனசுல என்ன தோணுச்சோ அத நோட்டுல எழுதணும். எப்படி எழுதறதுன்னு புள்ளைங்க முழிக்குதேன்னு, மாதிரிக்கு நாலு வரி போர்டுல எழுதிப் போட்டுடுவா.

போன வாரம், மழையே இல்லாத ஊருக்கு மழை வர்ற கதை. இருபத்தெட்டு நோட்டுல இருபத்தேழு, 'மழை வந்தது எனக்கு மிகவும் மகிழ்ச்சி'. கிருபாங்கற பொண்ணு மட்டும் இப்படி எழுதியிருந்துச்சு...

'மழை வந்ததும் ஊரே ஆடியது என்று போட்டிருக்கு. அந்த ஊரில் உப்பளம் இல்லை போல. மழை வந்தால் எங்க அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாங்க. எனக்கு இந்தக் கதையில் மழை பிடிக்கவில்லை.'

மழை பிடிக்காதா? மழைய வேணாம்னு சொல்ற ஆள ரேணுகா பொறந்ததுலேர்ந்து பாத்ததில்ல. 'அந்த ஊரில் உப்பளம் இல்லை போல'... இந்தக் கிண்டல் சின்னப் புள்ள கிண்டலா? யாரோ பெரியவங்க வேலைன்னு சந்தேகம். கீழ செவப்புல கேட்டுட்டா: 'யார் எழுதிக் கொடுத்தது? பொய் சொல்லக் கூடாது.'

"உள்ள வாங்கம்மா"ன்னாரு ஹெச்.எம். புருஷோத்தமன்.

அந்த ஆளு திரும்பினான். வெயில்ல கறுத்த மொகம், கையெல்லாம் உப்புப் பூத்துக் கெடக்கு. கண்ணு மட்டும்... கோவத்துல இருக்கறப்பவே சிரிக்கப் போற மாதிரி ஒரு கண்ணு. ச்சே, இப்ப இதுவா முக்கியம்னு ரேணுகா தன்னையே திட்டிகிட்டா.

"நான் ஆரோக்கியராஜ். கிருபாவுக்குத் தாய்மாமன். உப்பளத்துல லோடு மேஸ்திரி."

"நீங்கதான் எழுதிக் கொடுத்தீங்களா?"

"நானா? லாரி நம்பர் எழுதறதுலயே எனக்கு ரெண்டு தப்பு வரும் டீச்சர்."

"அப்ப வேற யாரு? பதினோரு வயசுல எப்படி வரும் இந்த மாதிரி?"

"ஏன், வராதா? அவளக் கூப்ட்டு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

ரேணுகா கையெழுத்துப் போடற சாக்குல ரெஜிஸ்டரக் கிட்ட இழுத்தா.

"அவ அந்த நோட்ட ரெண்டாக் கிழிச்சுட்டா. இனிமே கதையும் படிக்க மாட்டேன், எதுவும் எழுத மாட்டேன்னு உக்காந்திருக்கா. அவள மறுபடி எழுத வைங்க. இல்லன்னா மேல எழுதிக் கொடுப்பேன்."

சொல்லிட்டு விடுவிடுன்னு போயிட்டான்.

அன்னிலேர்ந்து தெனம் சாயங்காலம் அவன் வண்டி ஸ்கூல் கேட்டுகிட்ட வந்து நிக்கும். பொண்ணக் கூட்டிட்டுப் போறானாம்! இத்தன நாளு நடந்துதான போச்சு அது? வேவு பாக்கறானோ? ரேணுகா ஜன்னல் வழியா அவன நோட்டம் விடுவா. அவனும் ஜன்னலத்தான் பாப்பான்.

சனிக்கிழம ரேணுகா புது நோட்டு ஒண்ண வாங்கிகிட்டு நேரா உப்பளத்துக்கே போயிட்டா. என் எதிர்ல எழுதிக் காட்டட்டும், தெரிஞ்சிடும்... அதான் திட்டம்.

வரப்பு மேல சேலையத் தூக்கிச் சொருவிகிட்டு உப்பு வாரிட்டிருந்த லூர்துமேரி, கிருபாவோட அம்மா, ஏற எறங்கப் பாத்தா. "என்னங்க டீச்சர், வேல செய்யற எடம் தேடி வந்து விசாரணையா?"

"ஆதாரம் தேடி வந்திருக்காங்கக்கா. உப்புப் பாத்திய கலக்கிப் பாருங்க டீச்சர், அடியில எதுனா இருக்கும்"ன்னான் ஆரோக்கியராஜ்.

கிருபா கொட்டாய்க்குள்ள மொகத்தத் திருப்பிகிட்டு உக்காந்திருந்துச்சு.

அப்பத்தான் காத்து மாறிச்சு. பங்குனி மாசம், யாரும் எதிர்பாக்கல. கெழக்கால கடல் மேல இருட்டிகிட்டு வந்து, பொட்டு பொட்டா ஆரம்பிச்ச மழை, ஒரு நிமிசத்துல சோன்னு கொட்டுது! வெள்ள வெளேர்னு பாத்திங்க மேல வெள்ளியா எறங்குற மழை... எவ்ளோ அழகு! அந்த அழகுதான் ரேணுகாவ என்னமோ பண்ணுச்சு. அவ கண்ணு முன்னாடியே பாத்தியில கெடந்த உப்பு கரஞ்சு காணாமப் போவுது.

"அந்த முனையப் புடிங்க!" ஆரோக்கியராஜ் கத்துனான். டீச்சருமில்ல, ஒண்ணுமில்ல. தார்ப்பாய் ஒரு முனைய அவன் இழுக்க, இன்னொன்ன இவ இழுக்க, குவிச்சு வெச்ச உப்ப மட்டும் எப்டியோ மூடுனாங்க. ஒரு தடவ அவளுக்குக் கால் வழுக்கிச்சு... டக்குனு கையப் புடிச்சவன், ஒடனே வுட்டுட்டான்.

கொட்டாய்க்கு வந்தா போன் அடிக்குது. அப்பா.

"ரேணு! இங்க கொட்டுதும்மா! எள்ளு பொழச்சிடுச்சு! அங்க மழையா?"

"ஆமாம்ப்பா..." சொல்லிட்டு போன எறக்குனா. எதிர்ல லூர்துமேரி கைய மடியில வெச்சுகிட்டு சும்மா உக்காந்திருக்கா. நோட்டுல இருந்த அதே வரி. உயிரோட.

"மறுபடி உப்பு கட்டறதுக்கு பத்து நாளாவது ஆவும்"ன்னா லூர்துமேரி, யாருக்கோ சொல்ற மாதிரி.

ரேணுகா கிருபாகிட்டப் போயி மண்டி போட்டு உக்காந்தா. ஆறாங்கிளாஸ் புள்ளகிட்ட டீச்சர் மன்னிப்பு கேக்கறதா? அந்த கௌரவம் குறுக்க வந்து நின்னுச்சு. ஒதுக்கித் தள்ளிட்டா.

"நீ எழுதுனது நெசம். தப்பா எழுதுனது நான்தான். மன்னிச்சுக்கோ."

கிருபா சந்தேகமாப் பாத்துச்சு. "மாமா கம்ப்ளெயிண்ட் கொடுப்பாருன்னு பயமா மிஸ்?"

ஆரோக்கியராஜ் இருமற மாதிரி சிரிச்சான்.

"அந்த பயமும் இருந்துச்சு. ஆனா அதுக்காக கேக்கல. உங்க ஊர ஒரு தடவகூட வந்து பாக்காமயே உன்ன சந்தேகப்பட்டேன்ல... அதுக்கு."

ரேணுகா புது நோட்ட நீட்டுனா. பொண்ணு வாங்கல.

திங்கக்கிழம ரேணுகா போர்டுல மாதிரி எதுவும் எழுதல. புதுசா ஒரு ராஜா கதை படிக்கக் கொடுத்துட்டு, ஒரே கேள்வி கேட்டா: "இதுல நீங்க யாரு பக்கம்? ஏன்?" பத்து நிமிசம் ஒருத்தரும் எழுதல. பேனா மூடிய கடிக்குதுங்க. "மிஸ், ராஜாவத் திட்டலாமா?"ன்னான் ஒருத்தன். "காரணம் சொல்லித் திட்டு"ன்னா. கிளாசே சிரிச்சுச்சு. அப்பறம் ஒண்ணொண்ணா பேனா ஓட ஆரம்பிச்சுது. கிருபா கைய கட்டிகிட்டே இருந்துச்சு... மணி அடிக்க அஞ்சு நிமிசம் இருக்கறப்போ எந்திரிச்சு வந்து, "அந்த நோட்டு குடுங்க மிஸ்"ன்னு வாங்கிட்டுப் போயி, தலையத் தூக்காம முக்காப் பக்கம் எழுதிச்சு. ரேணுகா கண்ணத் தொடச்சுகிட்டத யாரும் பாக்கல.

சாயங்காலம் கேட்டுகிட்ட ஆரோக்கியராஜ் நின்னுட்டிருந்தான். கிருபா தோழிங்களோட முன்னாடியே போயிடுச்சு. அப்பவும் நின்னான்.

"பொண்ணுதான் போயிடுச்சே... இன்னும் எதுக்கு நிக்கறீங்க? என்னைய வேவு பாக்கவா?"

"நீங்க ஏன் ஜன்னல்லயே நிக்கறீங்க?"

ரேணுகாவுக்கு மொகம் செவந்துடுச்சு. இனி மறைச்சு என்ன ஆவப் போவுது... சொல்லிட்டா.

"அந்த நாலு வரிய ஒரு பெரிய ஆளுதான் எழுதியிருக்கணும்னு நெனச்சேன்ல... அந்த ஆள நேர்ல பாக்கணும்னு ரெண்டு நாளு தூக்கம் வரல. எழுதுனது கிருபாதான்னு தெரிஞ்சு போச்சு. ஆனாலும் உங்களப் பாக்கணும்னு இருக்குது. இப்ப எனக்கு எம்மேலயே சந்தேகமா இருக்குதுங்க."

 அவன் வண்டிக் கண்ணாடிய திருப்பித் திருப்பி சரி பண்ணான், அது சரியாத்தான் இருந்துச்சு.

"ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும், அக்காவக் கூட்டிட்டு உங்க அப்பாவப் பாக்க வரலாம்னு இருக்கேன். வானூருக்கு எத்தன மணிக்குங்க பஸ்?"

"பத்தர..." அவ குரலே அவளுக்குக் கேக்கல.

கதை இவ்ளோதாங்க. இப்ப உங்கள ஒண்ணு கேக்கறேன். எல்லாரும் சந்தோசப்பட்ட ஒரு கதையில, உங்களுக்கு மட்டும் வேற மாதிரி தோணுன எடம் எது? ஏன் அப்படி தோணுச்சு? தப்பா நெனப்பாங்களோன்னு பாக்காம கீழ எழுதுங்க. ஒண்ணு விடாம படிச்சு பதில் போடறேன்.