எங்கட வீட்டை வாங்கோ

லண்டன் கிங்ஸ்பரி வீட்டு வாசலுக்குள்ளே, பயணத்தால் வந்து உதறிவிட்ட மூன்று சோடிச் சப்பாத்துகளும் நுனி கதவைப் பார்க்கும்படி திரும்பியிருந்தன. ஜப்பான் விடுதிகளில் அப்படித் திருப்பி வைப்பார்கள்தான். ஆனால் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று பத்து நாள் அலைந்துவிட்டு நேற்று வந்திறங்கிய சிவரூபினியின் வீட்டில் அதற்கெல்லாம் ஆளேது?

கணவன் யதுசனுக்கு ஃபோன் அடித்தாள்.

“இஞ்சருங்கோ, சப்பாத்தைத் திருப்பி வைச்சனீங்களோ?”

“எனக்கு வேற வேலையில்லையோ? ஷிப்டில நிக்கிறன், வையும்.”

வெளியே மத்தியான மழை. ஹீட்டர் கொதித்தும் வீடு குளிர்ந்து கிடந்தது. காய்ந்த கோரைப்பாயின் மணமும் அதற்கடியில் அணைந்த ஊதுபத்தியின் மணமுமாக, கியோட்டோவின் அந்தப் பழைய விடுதியில் மூன்று நாள் மூக்கில் ஒட்டியிருந்த அதே வாடை, மாடிப்படியால் மெல்ல இறங்கி வந்தது.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்தது. எதிர் அறையில், பாதி திறந்த கதவுக்குப் பின்னால், எந்நேரமும் கால் மடித்து அமர்ந்து சிவரூபினியின் மகளையே பார்த்துக்கொண்டிருந்தவள். வெளிக்கிடும்போது, சொல்லாமல் வந்தால் மரியாதையில்லை என்று சிவரூபினி சிரித்துக்கொண்டு தமிழிலேயே சொன்னாள்: “லண்டனுக்கு வந்தா கட்டாயம் எங்கட வீட்டை வாங்கோ.” நம்மவர்கள் எல்லாருக்கும் சொல்வதுதானே, வருகிறவர் யார்? அந்தப் பெண் மட்டும் நெற்றி பாயைத் தொடக் குனிந்து, நெடுநேரம் நிமிரவேயில்லை. “ஆரோடையப்பா கதைக்கிறீர்? அங்க ஒருத்தரும் இல்லையே” என்று யதுசன் கேட்டதை ரயிலுக்கு ஓடும் அவசரத்தில் அவள் காதில் வாங்கவில்லை.

மேலே, மகளின் அறையில் பேச்சுக்குரல். தனியாக விளையாடுகிறாள். அப்படித்தான் இருக்க வேண்டும். பிறகு பாயில் துணி உரசும் சத்தம். இந்த வீட்டில் பாய் இல்லை.

ஏழு வருடம் காத்திருந்து பெற்ற ஒரே பிள்ளை. படியேறினாள்.

“ஆரோட கதைக்கிறீங்கள், குஞ்சு?”

“அன்ரியோட, அம்மா. நீங்கள்தானாம் வரச்சொன்னது. இப்ப என்னைத் தங்கட வீட்டை வரச் சொல்லுறா.”

“ஏலாது எண்டு சொல்லுங்கோ!”

“நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

கதவைத் தள்ளினாள்.

மகள் யன்னலைப் பார்த்து நின்றாள். வலக்கை தலைக்கு மேலே, யாரோ பிடித்திருப்பதுபோல. பக்கத்தில் யாருமில்லை. சின்ன மணிக்கட்டில் சதை குழிந்தது. ஒரு விரல். இரண்டு. ஐந்து.

பிள்ளையின் குதிக்கால்கள் கார்ப்பெட்டை விட்டு மெல்ல எழும்பின.