கடுகின் பங்காளிகள்

தோத்தாத்ரி மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார்.

பின்மண்டையில் ரத்தம்...

காலடியில் ஒரு கனத்த மரப்பலகை. நாற்பது வருஷமாகச் செடிகளை நசுக்கி உலர்த்த அவர் வைத்திருந்த பலகை. இன்றைக்கு யாரோ அதே பலகையால் அவர் கணக்கையே முடித்திருந்தார்கள்.

மாளவிகா வாசலிலேயே நின்றுவிட்டாள். காலை பதினொரு மணிக்கு இதே அறையில், இதே மனிதரிடம் தொண்டை கிழியக் கத்தியவள் அவள். இப்போது மணி மாலை ஐந்து.

"உள்ள வாங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர் ஜெபகுமார். "உங்களுக்கு என்ன, புது எடமா?"

அதுதானே சிக்கல்!

தோத்தாத்ரி ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, சேலையூர் காலனி ஒன்றில் சொந்த வீடு. பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. அந்த இடத்தையும் செடிகளே பிடித்துக்கொண்டிருந்தன. முன்னறை முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க அட்டையில் ஒட்டிய காய்ந்த செடிகள். அவற்றை ஒழுங்கு செய்துகொண்டே தன் ஆராய்ச்சியையும் செய்துவந்தாள் மாளவிகா. திங்கட்கிழமை அவளுக்கு வைவா. தேறினால் டாக்டர் மாளவிகா. ஆனால் ஜெபகுமார் பார்த்த பார்வையில் திங்கட்கிழமை அவள் புழல் சிறையில் இருப்பாள் போலிருந்தது.

சாட்சியும் பலமாக இருந்தது. மாடியில் குடியிருக்கும் ரோஹிணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "மொதல்ல உங்க கண்ணாடிய மாத்துங்க சார்" என்று மாளவிகா கத்தியதையும், பன்னிரண்டரைக்குக் கதவை அறைந்துவிட்டுப் போனதையும் வரி பிசகாமல் ஒப்பித்திருந்தாள். அதற்குப் பிறகு ரோஹிணி தாம்பரம் பக்கம் போய்விட்டதால், வேறு யார் வந்தார்கள் என்று சொல்ல ஆளில்லை. நாலு மணிக்கு வந்த வேலைக்காரம்மாதான் பிணத்தைப் பார்த்து அலறியது.

போதாக்குறைக்கு நாற்காலியில் ஸ்ரீரங்கன்.

அவரும் தாவரவியல் பேராசிரியர், அடுத்த தெருக்காரர். முப்பது வருஷத்துக்கு முன் ஊட்டியில் கடுகுக் குடும்பத்துப் புதுச் செடி ஒன்றைக் கண்டுபிடித்தவர். அதற்காக இந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பாராட்டு விழா, பொன்னாடை, சாப்பாடு. காலையிலிருந்தே திருமுடிவாக்கத்தில் மருமகனின் லேத் பட்டறையில் இருந்ததாகவும், அரை மணி நேரத்துக்கு முன்தான் திரும்பியதாகவும், சிநேகிதன் வீட்டுப் பக்கம் ஒரு வாரமாக வரவே இல்லை என்றும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல பொண்ணுதான் சார்," என்றார் பிறகு. "கோபம்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

வெந்த புண்ணில் வேல்!

ஜெபகுமார் மாளவிகா பக்கம் திரும்பினார். "என்ன சண்டை?"

"ஒரு செடிக்குப் பேர் வெக்கிறதுல சார்."

"கொழந்தைக்குப் பேர் வெக்கிறதுல சண்டை வரும், பார்த்திருக்கேன். செடிக்கா? அந்தச் செடிய எடுங்க, பாப்போம்."

அலமாரியிலிருந்து கடுகுக் குடும்பத்துச் செடி அட்டைகளின் கட்டை எடுத்துக்கொண்டே அவள் விளக்கினாள். கடுகுக்குப் பங்காளிகள் ஏராளம். எல்லாருக்கும் பூ ஒரே அச்சு, சிலுவை மாதிரி நாலு இதழ். பூவை மட்டும் நம்பினால் மோசம் போக வேண்டியதுதான். முகத்தைப் பார்த்து ஏமாறாமல் ஜாதகத்தைக் கேட்கிற மாதிரி, காயைத்தான் பார்க்க வேண்டும். கேப்செல்லா என்ற செடிக்குக் காய் தலைகீழ் முக்கோணம். லெபிடியம் என்ற செடிக்குக் காய் வட்டம், உச்சியில் பொடியாக ஒரு வெட்டு. இரண்டும் ஊட்டியில் ரோட்டோரம் முளைக்கிறவை. போன வாரம் அவள் பறித்துவந்ததில் இருந்ததோ வெறும் பிஞ்சு.

"நான் கேப்செல்லான்னேன். சார் லெபிடியம்னார்."

"இதுக்கா கத்துனீங்க?"

"ஒரு மணி நேரம்."

அவர் சொல்லச் சொல்லக் கேட்காமல் அட்டையில் 'கேப்செல்லா' என்றே எழுதி, கட்டின் மேலாக வைத்துவிட்டுப் போயிருந்தாள். வீம்பு!

ஜெபகுமார் முகத்தில் துளி நம்பிக்கை இல்லை. "ஏசுதாசன், அம்மாவ ஸ்டேஷனுக்குக் கூட்டினு போவணும். வண்டிய எடு."

மாளவிகா கட்டைப் பிரித்தாள்.

மேலாக இருந்தது அவள் அட்டைதான். அவள் கையெழுத்துதான்.

ஆனால் பக்கத்தில் ஒட்டியிருந்த குட்டிச் சீட்டு?

அது காலையில் இல்லை. ஓரத்தை விரலால் தொட்டாள். பசை பிசுபிசுத்தது. எழுதியிருந்ததைப் படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். பிறகு பேசாமல் அட்டையை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

ஜெபகுமார் எழுத்துக் கூட்டினார். "லெ...பிடியம் வர்ஜினிகம். இனம் கண்டவர்... ஸ்ரீரங்கன். தேதி..."

நிறுத்தினார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"தேதி இன்னிக்கு போட்டிருக்கு!"

செடி சேகரிக்கிறவர்களுக்கு என்று ஒரு பழக்கம் உண்டு. அட்டையில் பெயர் தப்பாக இருந்தால் யாரும் அதை அடித்துவிட்டு எழுத மாட்டார்கள். சரியான பெயரை ஒரு சீட்டில் எழுதி, தன் பெயரும் தேதியும் போட்டு, பக்கத்தில் ஒட்டுவார்கள். ஸ்ரீரங்கன் இதை நாற்பது வருஷமாகச் செய்தவர். கண்ணெதிரே தப்பான பெயர், மேஜையில் பேனா, பசை... ஆளைக் கொன்ற கை அதே மூச்சில் தப்பையும் திருத்திவிட்டது.

கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்ட கொலை!

"ஒரு வாரமா இந்தப் பக்கமே வரலைன்னீங்களே சார்?" ஜெபகுமார் கேட்டார்.

ஸ்ரீரங்கன் வீட்டைச் சோதிக்க அடுத்த தெருவுக்கு ஓடிய கான்ஸ்டபிள் ஏசுதாசன் கால் மணி நேரத்தில் ஒரு பழுப்பேறிய அட்டையோடு திரும்பினார். "சார், இவரு வூட்டு பீரோவுல, பட்டுப் பொடவைக்கு நடுவுல இது கீது சார்."

ஊரே கொண்டாடும் புதுச் செடி. இத்தனை வருஷம் தோத்தாத்ரியின் கடுகுக் கட்டில் இருந்த அட்டை; அதை உருவக் கட்டைப் பிரித்தபோதுதான் மேலே கிடந்த மாளவிகாவின் தப்பு ஸ்ரீரங்கன் கண்ணில் பட்டிருக்கிறது. மாளவிகா லென்ஸை வைத்துப் பார்த்தாள். மேல் பாதி ஒரு செடி, கீழ் பாதி வேறு செடி. இடையில் பசை. புதுச் செடியும் இல்லை, பழைய செடியும் இல்லை... ஒட்டு வேலை!

"இது ஒட்டுன்னு தோத்தாத்ரி இன்னிக்கு மத்தியானம்தான் கண்டுபிடிச்சான்," ஸ்ரீரங்கன் தரையைப் பார்த்துச் சொன்னார். "கூப்பிட்டுக் காட்டினான். ஞாயித்துக்கிழமை மேடை ஏறிச் சொல்லிடுவேன்னான்."

"இத எரிச்சுத் தொலைச்சிருக்கலாமே?"

"செடி அட்டைய எப்படி சார் எரிக்கிறது?" ஸ்ரீரங்கன் நிஜமாகவே அதிர்ந்துபோய்க் கேட்டார்.

ஜீப் அவரை ஏற்றிக்கொண்டு போனது.

மாளவிகா தன் அட்டையை மறுபடி எடுத்தாள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு பிஞ்சைப் பார்த்தாள். வட்டம். உச்சியில் பொடியாக ஒரு வெட்டு. தோத்தாத்ரி சொன்னதுதான் சரி. அதை அவரிடம் ஒத்துக்கொள்ள இனி வழியில்லை என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது.

ஜெபகுமார் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "அப்ப நீங்க எழுதினதுதான் தப்பா?"

"ஆமா சார். நான் சரியா எழுதியிருந்தா ஸ்ரீரங்கன் சார் அதுல கை வெச்சிருக்க மாட்டார். இந்நேரம் ஜீப்ல நான் போயிருப்பேன்."

"திங்கட்கிழமை வைவால மட்டும் இதச் சொல்லித் தொலைக்காதீங்கம்மா. நான் விட்டுட்டேன், அவங்க விட மாட்டாங்க."